பச்சைக் கம்பளத்து டைனோசர்கள்

டைனோசர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன்பு இருபத்தாறு ஆண்டுகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். பெட்டிக்குள் இருப்பதும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒருமுறை இல்லை. நான் லைனை நிறுத்தினேன். அரைநாள் உற்பத்தி நின்றது. லேபிள் தவறுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேலாளர் என் கையைக் குலுக்கினார். அடுத்த ஆண்டு ஆட்குறைப்புப் பட்டியல் வந்தபோது முதல் பக்கத்தில் நான் இருந்தேன். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மேலாளர் தாமாகவே வந்து சொன்னார். நான் கேட்டிருக்கவில்லை.

புது வேலை உறுதியான அன்று என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் உட்கார்ந்திருப்பவள். நாள் முழுக்க நோயாளிகளின் பேச்சைக் கேட்பதால் வீட்டில் சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"அங்கயாச்சும் வாய மூடிக்கிட்டு இருங்க லா. அது சரியில்ல, இது சரியில்லன்னு ஆரம்பிக்காதீங்க."

"டைனோசர்ல என்னா சரியில்லாம போவப் போவுது?" என்றேன்.

"ஒங்களப் பத்தி எனக்குத் தெரியும்," என்றாள்.

நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

காட்சிக்கூடம் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய பேரங்காடியின் மூன்றாம் மாடியில் இருந்தது. முன்பு அது பௌலிங் விளையாடும் இடம். பந்து உருண்ட தடங்கள் தரையில் இன்னும் தெரிந்தன. அவற்றை மறைக்கத்தான் கம்பளம் விரிக்க வேண்டியிருந்தது. முதலாளி அறுபதைத் தாண்டிய சீனர். எங்களுக்கு அவர் தவுக்கே. முப்பது ஆண்டுகள் மரச்சாமான் கடை நடத்தியவர். கடையை மூடியபோது மிஞ்சிய சரக்கில் இரண்டு பெரிய கம்பளச் சுருள்கள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் டைனோசர் வியாபாரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

கடல் கடந்து பதினொரு டைனோசர்கள் வந்து இறங்கின. மேலே ரப்பர் தோல், உள்ளே பஞ்சு, அதற்கும் உள்ளே இரும்புச் சட்டமும் மோட்டாரும். தலையை ஆட்டும், கண்ணைச் சிமிட்டும், உறுமும். கூடவே வந்த பட்டியலில் எது மாமிசம் தின்னும், எது இலை தின்னும் என்று குறித்திருந்தார்கள். தவுக்கே மாமிசம் தின்பவை நான்கையும் சிவப்புக் கம்பளத்தில் நிறுத்தினார். இலை தின்பவை ஏழையும் பச்சைக் கம்பளத்தில் நிறுத்தினார். அன்று அது எனக்கும் நல்ல யோசனையாகவே பட்டது.

அவற்றை இயக்க ஒரு டெக்னீஷியன் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். அதற்கு முன்பு வீடு வீடாகப் போய் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். முதல் நாளே மூன்று கொம்புள்ள டிரைசெராடாப்ஸின் வயிற்றுப் பக்க ஜிப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். வெளியே வந்து, "வாஷிங் மெஷினவிட சுலபம் அண்ணே. தண்ணி இல்ல," என்றாள்.

நுழைவுச்சீட்டைக் கிழிப்பது, வாலில் ஏறும் பிள்ளைகளை இறக்குவது, அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துக்கொள்வது ஆகியவை என் பொறுப்பு. ஆங்கிலப் பலகைகள் டைனோசர்களோடு வந்திருந்தன. மலாய்ப் பலகைகளைத் தவுக்கே எழுதி வாங்கினார். தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் தமிழ்ப் பலகை என் தலையில் விழுந்தது. இருந்ததை அப்படியே தமிழாக்கினேன். பச்சைக் கம்பளத்தின் முன்னால் நின்ற பெரிய பலகையில் இப்படி இருந்தது: "தாவர உண்ணிகளின் குடும்பம். இங்கே நீங்கள் பார்க்கும் ஏழும் நெருங்கிய உறவினர்கள்."

இரண்டாவது மாதம், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பெருநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வந்தார்கள். அவர்களோடு வந்த டீச்சர் என் பலகையை மிக நிதானமாகப் படித்தார். தொழிற்சாலையில் நானும் அப்படித்தான் படிப்பேன். பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒரு சின்ன விசயம். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க டீச்சர்."

"எலை தின்னுறதெல்லாம் ஒரே குடும்பமாயிடுமா? ஆடும் எலை தின்னுது, வெட்டுக்கிளியும் தின்னுது. அதுங்க சொந்தக்காரங்களா?"

அவர் பச்சைக் கம்பளத்தில் நின்ற நீளக் கழுத்து டைனோசரைக் கைகாட்டினார். "அது இருக்கே, அதுக்கு நெருங்குன சொந்தம் அந்தப் பக்கம் செவப்புல நிக்குது. பக்கத்துல நிக்கிற கொம்புக்காரன் தூரத்து சொந்தந்தான்."

அதற்குள் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு, அவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணி, அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை பெரிப் படகில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அவர் தவறாகவும் சொல்லியிருக்கலாம். மூன்று நாட்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூலகத்தில் இரண்டு புத்தகங்கள், கைப்பேசியில் எண்ணற்ற பக்கங்கள். அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

விசயம் இடுப்பில் இருக்கிறது. டைனோசர்களின் இடுப்பில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. அவற்றில் ஒன்று முன்னோக்கி நீண்டிருந்தால் பல்லி இடுப்பு. அது பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் பறவை இடுப்பு. ஆய்வாளர்கள் வெகுகாலமாக டைனோசர்களை இப்படித்தான் இரண்டு பெருங்கிளைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாமிசம் தின்பவை பல்லி இடுப்புக் கிளை. அதே கிளையில், அவற்றின் உடன்பிறந்த கூட்டமாக, நீளக் கழுத்துக்காரர்கள் இருக்கிறார்கள். யானையைப்போலப் பத்து மடங்கு எடையை இலையிலேயே ஏற்றிக்கொண்டவர்கள். மற்ற இலை தின்னிகள் எல்லாம் பறவை இடுப்புக் கிளை. அதற்குள்ளும் பிரிவுகள் உண்டு. முதுகில் தட்டுகள் நட்டுக்கொண்ட ஸ்டெகோசாரஸும் உடம்பெல்லாம் கவசம் போட்ட அன்கைலோசாரஸும் ஒரு வீட்டுக்காரர்கள். கொம்பு வைத்த டிரைசெராடாப்ஸும் மண்டை தடித்த இன்னொன்றும் ஒரு வீடு. வாத்துவாய்க்காரர் இந்தக் கொம்பு வீட்டுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கவச வீட்டுக்கு இன்னும் சற்றுத் தூரம்.

ஆக, பச்சைக் கம்பளத்தில் நின்ற ஏழில் பெரிதும் சிறிதுமாக இரண்டு நீளக் கழுத்துகளுக்கு அங்கே வேலையே இல்லை. தின்னும் பொருள் ஒன்று என்பதைத் தவிர அவற்றுக்கும் மற்ற ஐந்துக்கும் நெருக்கம் எதுவும் கிடையாது.

இதை டெக்னீஷியனிடம் சொன்னேன். அவளுக்கு இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கூடம் திறப்பதற்கு முன்பு நீளக் கழுத்தின் ஜிப்பையும் டிரைசெராடாப்ஸின் ஜிப்பையும் திறந்து கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். இரண்டுக்கும் இடுப்பில் ஒரே அளவு இரும்புக் குழாய். ஒரே மோட்டார். மோட்டாரில் ஒரே எண்.

"உள்ள எல்லாரும் ஒரே குடும்பந்தான் அண்ணே," என்றாள். ஜிப்பை மூடினாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவளுடைய அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனோம். அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். அன்று தட்டை எடுக்காமல் நேராக அடுப்படிக்குள் போனாள்.

"நானா, வெட்டாத கோழி ஒன்னு வேணும். பின்பக்கம் மட்டும் போதும்."

"எதுக்கு?"

"இடுப்பு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கழுவப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவள் வேகவைத்த கோழியின் பின்பகுதியை வாழையிலையில் வைத்துக்கொண்டு வந்து சதையைப் பிரித்தாள். குச்சிபோல மெல்லிய ஓர் எலும்பு பின்னோக்கிப் போயிருந்தது. பறவை இடுப்பு.

"அப்ப கோழி, கொம்புக்காரன் சொந்தமா?"

"இல்ல," என்றேன். "பறவைங்க மாமிசம் தின்ன கூட்டத்துலேருந்து வந்தது. பல்லி இடுப்பு. அப்புறம் தானா எலும்பப் பின்னால திருப்பிக்கிச்சு."

"பறவை இடுப்புன்னு பேரு வச்ச கூட்டத்துலேருந்து பறவை வரலியா?"

"வரல."

அவள் கோழியைச் சற்று நேரம் பார்த்தாள். "பேரு வச்சவன் சாப்புடப் போற நேரத்துல வச்சிருப்பான்," என்றாள். பிறகு நாங்கள் அதைச் சாப்பிட்டோம். குழம்பு அவள் நானாவின் கைப்பக்குவம். அதைப்பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

பிற்பகலில் தவுக்கேயிடம் போனேன். மனைவிக்குச் சொன்ன சரி நினைவிருந்ததால் குரலை மிகவும் தாழ்த்தி வைத்துக்கொண்டேன். அவர் மலாயில்தான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ரெண்டு நீளக் கழுத்தையும் சிவப்புப் பக்கம் மாத்தினா நல்லா இருக்கும்," என்றேன்.

"அது மாமிசம் தின்னுமா?"

"இல்ல. எலதான்."

"அப்ப எதுக்கு சிவப்பு?"

"சொந்தம் அங்கதான் இருக்கு."

அவர் என்னைக் கம்பளத்துக்கு அழைத்துப்போனார். ஒவ்வொரு டைனோசரின் காலைச் சுற்றியும் கம்பளம் அளவெடுத்து வெட்டப்பட்டிருந்தது. "வெட்டியாச்சு," என்றார்.

அந்த வாரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. தமிழ்ப் பலகையை மட்டும் மாற்றினேன்.

அதை எழுதுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. உறவைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை, அதுதான் தொல்லை. முதலில் "பங்காளிகள்" என்று எழுதினேன். டெக்னீஷியன் படித்துவிட்டு, "பங்காளின்னா அப்பா வழி. இதுங்க அப்பா வழியா, அம்மா வழியான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "சிற்றப்பா மக்கள்" என்பதையும் அதே காரணத்துக்காக அடித்தேன். "மாமன் மச்சான்" எழுதவே இல்லை. அதற்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். கடைசியில் "உடன்பிறந்த கூட்டம்", "ஒன்றுவிட்ட கூட்டம்", "தூரத்துக் கூட்டம்" என்று முடித்தோம். பலகையின் முதல் வரி இப்படி ஆனது: "இங்கே நிற்கும் ஏழும் இலை தின்பவை. ஆனால் ஒரே குடும்பம் அல்ல." அதற்குக் கீழே யார் யாருக்கு என்ன உறவு என்று கோடு போட்டுக் காட்டினேன். நீளக் கழுத்தின் கோடு பலகையின் விளிம்புக்குப் போய், சிவப்புக் கம்பளம் இருக்கும் திசையில் ஓர் அம்புக்குறியில் முடிந்தது.

புதிய பலகை பழையதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. தவுக்கே அதைப் பார்த்து, "ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இப்படி ஏழு வாரங்கள் போயின. ஆங்கிலத்திலும் மலாயிலும் ஏழு டைனோசர்களும் நெருங்கிய உறவினர்களாக இருந்தன. தமிழில் இல்லை. மூன்று பலகைகளும் ஒரே கம்பியில் அடுத்தடுத்துத் தொங்கின. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பச்சைக் கம்பளத்தின் முன்னால் சற்று அதிக நேரம் நின்றார்கள். படித்து முடித்ததும் அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பி, சிவப்புக் கம்பளத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் நீளக் கழுத்தைப் பார்த்தார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். திருட்டுத்தனமாக இருந்தது.

எட்டாவது வாரம் மலாய்வழித் தேசியப் பள்ளி ஒன்றிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். கூட வந்த மலாய் ஆசிரியை ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார். பலகைகளைப் பார்த்துச் சரியா தவறா என்று குறிக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: "பச்சைப் பகுதியில் உள்ள விலங்குகள் அனைத்தும் ஒரே குடும்பம்." எல்லோரும் சரி என்று போட்டார்கள். மூன்று தமிழ்ப் பெண் பிள்ளைகள் மட்டும் தவறு என்று போட்டு, தாளின் பின்பக்கத்தில் கோடு கோடாகக் குடும்ப மரம் வரைந்து வைத்திருந்தார்கள்.

ஆசிரியை அவர்களைத் திட்டவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். மூவரும் தமிழ்ப் பலகையைக் காட்டினார்கள். அவர்களில் உயரமானவள் அதை வரிவரியாக மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னாள். நல்ல மொழிபெயர்ப்பு, என்னுடையதைவிடச் சுருக்கமாக இருந்தது. ஆசிரியை கேட்டு முடித்தபோது தவுக்கேயும் அங்கே வந்து நின்றிருந்தார். நான் ஐந்தடி தள்ளி, யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எது சரி?" என்று ஆசிரியை தவுக்கேயிடம் கேட்டார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"தமிழ்ல இருக்கிறதுதான் சரி," என்றேன்.

பிள்ளைகள் போன பிறகு தவுக்கே என்னைப் பொருள் வைக்கும் அறைக்குக் கூப்பிட்டார். இருபத்தாறு ஆண்டு அனுபவத்தில் இப்படிக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் பையை எங்கே வைத்தேன் என்று மனதுக்குள் தேடிக்கொண்டே போனேன்.

"மூணு பலகையில ரெண்டு தப்பா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"தொறந்த நாள்லேருந்து. தமிழ் மட்டும் ஏழு வாரமா சரி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். கம்பளம் வெட்டியாச்சுன்னீங்க."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு கேட்டார்: "தமிழ் நீளமான மொழி இல்லதானே?"

"இல்ல," என்றேன். "மன்னிச்சிருங்க."

அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். கடை வைத்திருந்த காலத்தில் பிரம்பு நாற்காலியையும் பிரம்புக் கூடையையும் ஒன்றாக வைத்திருந்தாராம். இரண்டும் பிரம்புதானே. நாற்காலி தேடி வந்தவர்கள் கூடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். ஒருநாள் அவர் மனைவி வந்து, பிரம்பு நாற்காலியை எடுத்து மர நாற்காலிகளோடு வைத்தாராம்.

"இது அந்த மாதிரி," என்றார். "இல்லையா?"

"அந்த மாதிரிதான்," என்றேன்.

"நீளக் கழுத்த அங்க வச்சா பிள்ளைங்க பயப்படாதா? பக்கத்துல மாமிசம் தின்னுறது நிக்குமே."

"சொந்தந்தானே," என்றேன். அது சரியான பதில் இல்லை என்று உடனே தோன்றியது. ஆனால் அவர் தலையை ஆட்டிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொழிற்சாலைக் கதையைக் கேட்ட அதே முகத்தோடு கேட்டாள். நீளமான மொழி என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாய மூடிக்கிட்டு இருங்கன்னுதான் சொன்னேன். பொய் சொல்லுங்கன்னா சொன்னேன்?"

"இல்ல."

"ரெண்டுல ஒன்னு செய்யணும்னா, பேசிருங்க லா. ஒங்களுக்குப் பொய் சொல்ல வரல." இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை கூடத்தை மூடிவிட்டு இடமாற்றம் செய்தோம். ஆறு ஆட்கள் வந்தார்கள். சிறிய நீளக் கழுத்து முனகாமல் போய்விட்டது. பெரியது நகர்ந்து பாதி வழியில் நின்றது. கூரையில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் ஓடியது. கழுத்து அதற்குக் கீழே நுழையவில்லை. டெக்னீஷியன் ஏணியில் ஏறி, நான்கு திருகாணிகளைக் கழற்றித் தலையைத் தனியே எடுத்தாள். நானும் அவளும் தலையைத் தூக்கிக்கொண்டு வெளி நடைபாதை வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. நடைபாதையில் குமிழித் தேநீர்க் கடைக்கு முன்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைக்குள் இருந்த மின்கலம் உயிர்பெற்று, கண் சிமிட்ட ஆரம்பித்தது. நாங்கள் நிற்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி தலைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, "சோரி," என்றார்.

கம்பளத்துக்கும் ஒரு வழி பிறந்தது. நீளக் கழுத்துகளின் காலைச் சுற்றி வெட்டியிருந்த பச்சைத் துண்டுகளை அப்படியே பெயர்த்து, சிவப்புக்கு நடுவில் பதித்தார்கள். பார்ப்பவர்கள் அதைப் புல்திட்டு என்று நினைத்தார்கள். சொந்தக்காரர்களோடு இருக்கிறது, ஆனால் இலைதான் தின்கிறது என்பது அதுவாகவே விளங்கியது. இதை யாரும் திட்டமிடவில்லை. பச்சைக் கம்பளத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் விழுந்தன. அவற்றின்மேல் பிளாஸ்டிக் பூந்தொட்டிகளை வைத்தோம்.

மூன்று பலகைகளையும் ஒன்றுபோல எழுதினோம். மலாய்ப் பலகையைச் சரிபார்க்க அந்த ஆசிரியையே உதவினார்.

அந்த வேலையில் இறங்கியபோதுதான் டெக்னீஷியன் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். சிவப்புக் கம்பளத்தில் நின்ற நான்கில் ஒன்றுக்கு அரிவாள்போல நீண்ட நகங்கள். உடம்பில் இறகு. வாயோரம் ரத்தம் வழிவதுபோலச் சிவப்புச் சாயம் பூசி அனுப்பியிருந்தார்கள். அவள் அதன் பெயரைப் பார்த்துக் கைப்பேசியில் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவரு மாமிசக் குடும்பத்துல பொறந்தவருதான். ஆனா எலை தின்னவருன்னு சொல்றாங்க. நகம் கெளைய இழுக்கவாம்."

"நெசமாவா?"

"நெசந்தான். இத்தன மாசமா ரத்தத்தோட நிக்க வச்சிருக்கோம்."

இடத்தை மாற்ற வேண்டியதில்லை. பிறந்த வீட்டில்தான் நின்றது. அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அதன் வாயைத் துடைத்தாள். முழுவதும் போகவில்லை. லேசாக வெற்றிலை போட்ட வாய்போல ஒரு நிறம் தங்கிவிட்டது. மேலே பச்சைச் சாயத்தைக் கொஞ்சம் தடவினாள்.

மழைக்காலம் தொடங்கியபோது, முன்பு வந்த அந்தத் தமிழ்ப்பள்ளி டீச்சர் வேறொரு வகுப்போடு வந்தார். பச்சைத் திட்டில் நின்ற நீளக் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பலகைகள் எல்லாவற்றையும் அதே நிதானத்தில் படித்தார். நான் அவருக்குப் பின்னால், தேர்வு எழுதியவனைப்போல நின்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார். நான் மூச்சு விட்டேன். "ஒன்னே ஒன்னு."

"சொல்லுங்க."

"இப்ப சில ஆய்வாளருங்க இந்த ரெண்டு கெளையே சரியில்லங்கிறாங்க. மாமிசம் தின்னதுக்குப் பறவை இடுப்புக் கூட்டந்தான் நெருக்கமாம். நீளக் கழுத்து தனியாம். இன்னும் முடிவாவல. சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க."

நான் கம்பளத்தைப் பார்த்தேன். அப்படியானால் கொம்புக்காரர்களும் கவசக்காரர்களும் சிவப்புக்குப் போக வேண்டும்; நீளக் கழுத்து பச்சையில் தனியாக நிற்க வேண்டும்.

"டீச்சர், இத எப்ப முடிவு பண்ணுவாங்க?"

"தெரியாது சார். எலும்பு கெடைக்கணும்."

அந்த மாலை பலகையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று ஏற்பது இந்த வரிசை. சிலர் வேறு விதமாகக் கருதுகிறார்கள்; முடிவு இன்னும் தெரியவில்லை." தொழிற்சாலையில் இப்படி ஒரு லேபிளை ஒட்டியிருந்தால் பெட்டி வாசலைத் தாண்டியிருக்காது. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, அதுவரை எழுதியதிலேயே எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி அதுதான் என்று தோன்றியது. தவுக்கே கேட்டார். விளக்கினேன். "அவங்க முடிவு பண்ற வரைக்கும் யாரும் எதையும் தூக்க வேணாம்," என்றார். ஆறு ஆட்களின் சார்பிலும் நான் ஒப்புக்கொண்டேன்.

காட்சிக்கூடம் பதினாறு மாதங்கள் நடந்தது. பிறகு அந்த மாடியைப் பூப்பந்துக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டைனோசர்களை வாங்க இருவர் வந்தார்கள். ஒருவர் பெருநிலத்தில் சிறுவர் கார் ஓட்டும் மைதானம் வைத்திருப்பவர். அவருக்கு மாமிசம் தின்பவை மட்டும் வேண்டும். இன்னொருவர் பாலிக் பூலாவில் பழத்தோட்டம் வைத்திருப்பவர். தோட்டத்துக்கு இலை தின்பவைதான் பொருத்தம் என்றார். எல்லோரும் மறுபடி சாப்பாட்டை வைத்தே பிரிந்தார்கள். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இது லேபிள் அல்ல, விற்பனை. அரிவாள் நகக்காரரை மட்டும் எந்த லாரியில் ஏற்றுவது என்று கேட்டார்கள். நானும் டெக்னீஷியனும் ஒரே நேரத்தில் பழத்தோட்டம் என்றோம்.

நான் இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறேன். டெக்னீஷியன் இன்னும் மாதம் ஒருமுறை பாலிக் பூலாவுக்குப் போய் எட்டு பேருக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வருகிறாள். போன வாரம் கூப்பிட்டாள்.

"டுரியான் சீசன் அண்ணே. பெரிய நீளக் கழுத்து மரத்துக்கு நேர் கீழ நிக்குது. நேத்து முள்ளுப் பழம் ஒன்னு தலையிலயே விழுந்துருச்சு."

"தலைக்கு என்னா ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. தலை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கு. தோட்டத்து முதலாளி மோட்டார் போயிருச்சுன்னு நெனச்சாரு. எனக்கு அது அப்படியே இருக்கட்டும்னு தோணுது. டுரியான வேணாம் வேணாங்கிற மாதிரி இருக்கு, பிள்ளைங்க சிரிக்குதுங்க."

தலையின் நான்கு திருகாணிகளை மட்டும் இறுக்கிவிட்டு வரும்படி சொன்னேன். இறுக்கிவிட்டாளாம்.